தொடர்நிலையினின்று தொகைநிலைக்கு: ஈகிள்ஸ் குழுவின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டு

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்துகிறது தண்டியலங்காரம். தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். ஒன்றையொன்று தழுவிச் சென்று ஒரு கதையையோ கருத்தையோ நிறைவிப்பது தொடர்நிலை. வெவ்வேறு வேளையில் வெவ்வேறு நோக்கத்தோடு பிறந்த பாடல்களைப் பொருள், இடம், காலம், தொழில் முதலியவற்றுள் ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒருங்கு சேர்ப்பது தொகைநிலை. இப்பாகுபாடு ஓலைச்சுவடிக் காலத்தோடு முடிந்துபோனது என்று எண்ணுவார் உளர். ஆயின் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசைத்தட்டின் வரலாற்றை விளக்க இதனினும் கூரிய கருவி எளிதிற் கிடைப்பதில்லை. பக்கத்துக்கொரு பாட்டாக வானொலியை நோக்கி வெளிவந்த சிறுதட்டு முத்தகம். பத்துப் பாடல்களை ஒரே மனநிலையில் கோத்து வைக்கும் நெடுந்தட்டு, தேர்ந்த கலைஞர் கையில் தொடர்நிலை. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்ற பெயரோடு நிறுவனங்கள் வெளியிடுவது தொகைநிலை.

இம்மூன்றாம் வகைக்கு அறிஞரிடையே மதிப்பில்லை. அது கடைக்காரன் செய்யும் தொகுப்பு என்பது பொதுக் கருத்து. 1958இல் ஜானி மாத்திஸ் என்னும் பாடகரின் சிறுதட்டுப் பாடல்களைச் சேர்த்துக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' இவ்வகைக்கு வழிகாட்டி எனப்படுகிறது. முன்பே விற்ற பாட்டை மறுபடியும் விற்கும் முயற்சி என்று கருதப்பட்ட அத்தட்டு, விற்பனைப் பட்டியலில் ஒன்பதாண்டுகளுக்கு மேல் இடம்பெற்றது. பிறகு எந்த நிறுவனந்தான் சும்மா இருக்கும்? ஒப்பந்தம் முடியும் நேரத்திலும், குழு பிளவுபடும் நேரத்திலும், புதிய பாடல்கள் கைக்கு வராத நேரத்திலும் ஒரு தொகைத்தட்டு வெளிவருவது வழக்கமாயிற்று.

அவ்வழக்கத்தின் வழியே, 1976 பிப்ரவரி 17ஆம் நாள், அசைலம் நிறுவனம் 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் (1971–1975)' என்ற தட்டை வெளியிட்டது. பாடியோர் ஈகிள்ஸ். பாடல்கள் பத்து. அமெரிக்க நாட்டில் மிகுதியாக விற்ற இசைத்தட்டு எனப் பின்னாளில் கணக்கிடப்பட்டது இதுவே. இதனைத் தொகுக்கும் பொறுப்பில் பாடிய கலைஞர்களுக்குப் பங்கு அளிக்கப்படவில்லை. பாடல்களைத் தெரிவு செய்யும் உரிமை தங்களிடம் இல்லை என்றும், நிறுவனத்துக்குத் தன் காலாண்டுக் கணக்கே கவலையாக இருந்ததென்றும் குழுவின் டான் ஹென்லி குறைப்பட்டுக் கொண்டார். தொடர்நிலையாய் அமைந்த ஒரு படைப்பிலிருந்து இரு பாடல்கள் பெயர்த்தெடுக்கப்பட்டதே அவர் மனக்குறையில் முதன்மையானது. அக்குறை எத்துணை நேர்மையானது என்பதை அறியக் குழுவின் வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

லிண்டா ரான்ஸ்டாட் என்னும் பாடகிக்குப் பக்க இசைஞராய் 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் கூடியவர் நால்வர். கிளென் ஃப்ரே மிச்சிகன் மாநிலத்தவர். டான் ஹென்லி டெக்சாஸ். ராண்டி மைஸ்னர் நெப்ராஸ்கா. பெர்னி லெடன் பிறந்தது மின்னசோட்டா. கலிபோர்னியாவின் குரல் என்று உலகம் பின்னர் கொண்டாடிய இசையை உருவாக்கிய இந்நால்வருள் ஒருவரும் அம்மண்ணிற் பிறந்தவர் அல்லர் என்பது சுவையான செய்தி. பாடகியின் வாழ்த்தோடு பிரிந்து தனிக் குழு அமைத்த இவர்களை, டேவிட் கெஃபன் அவ்வாண்டில் எலியட் ராபர்ட்ஸுடன் சேர்ந்து தொடங்கியிருந்த அசைலம் நிறுவனம் ஏற்றது. முதல் தட்டைப் பதிவு செய்ய 1972இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டனர். ஒலிப்பதிவை நெறிப்படுத்தியவர் ஆங்கிலேயரான கிளின் ஜான்ஸ்.

முதல் சிறுதட்டு 'டேக் இட் ஈஸி' 1972 மே மாதத்தில் வந்தது. தொகைத்தட்டின் தலைப்பு 1971 என்று தொடங்கினாலும் அவ்வாண்டில் வெளிவந்த பாடல் ஒன்றும் அதனுள் இல்லை. அது குழு பிறந்த ஆண்டு மட்டுமே. காலத்தாற் பெயர் பெற்ற ஒரு தொகை தன் காலத்தையே சற்று நீட்டிச் சொல்லிக்கொண்டது. அப்பாட்டை எழுதத் தொடங்கியவர் ஜாக்சன் பிரவுன். முடிக்க இயலாது அவர் விட்டிருந்ததை, அதே கட்டடத்தில் குடியிருந்த ஃப்ரே நிறைவு செய்தார். அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோ என்னும் சிற்றூரின் தெருமுனை அதில் ஒரே ஓரிடத்திற் சுட்டப்படுகிறது. நெடுஞ்சாலை திசைமாறியதால் வணிகம் குன்றியிருந்த அவ்வூர், அந்த ஒரு குறிப்பை நம்பி 1999இல் தெருமுனையில் ஒரு பூங்காவும் சிலையும் அமைத்தது. பாடல் பெற்ற தலங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

இரண்டாம் தட்டுத்தான் வழக்கின் உயிர்நாடி. 1973இல் வந்த 'டெஸ்பரேடோ' முழுமையும் ஒரே பொருள்மேல் நின்றது. கன்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் என்னும் ஊரில் 1892 அக்டோபரில் ஒரே வேளையில் இரு வங்கிகளைக் கொள்ளையிட முயன்று ஊர்மக்களால் சுடப்பட்ட டால்டன் சகோதரர், அவர்களோடு தொடர்புடைய பில் டூலின் ஆகியோரின் வாழ்வே அதன் களம். கொள்ளைக்காரன் வாழ்வையும் ஊர் ஊராய்ப் பாடித் திரியும் இசைஞன் வாழ்வையும் ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துப் பார்ப்பது அதன் உள்ளுறை. தட்டின் பின்னட்டையில், கொல்லப்பட்ட டால்டன் கூட்டத்தாரைக் காட்டும் பழைய புகைப்படத்தைப் பின்பற்றி, குழுவினரும் நண்பர்களான பிரவுனும் ஜே. டி. சௌதரும் பிணமாய்க் கிடப்பது போன்ற படத்தை ஹென்றி டில்ட்ஸ் எடுத்திருந்தார். தட்டு 'டூலின்–டால்டன்' எனத் தொடங்கி, அதே பாட்டும் 'டெஸ்பரேடோ'வும் இணைந்த மறுபாடலோடு முடியும். இடையே நிற்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் பேசுபவன் இன்னான், அவன் நிலை இன்னது என்ற குறிப்பு, முன்னும் பின்னும் உள்ள பாடல்களாற் கிடைக்கும்.

நான்காவதாக நிற்பது 'டெகிலா சன்ரைஸ்'. முன்னுள்ள பாடல்களோடு கேட்பவர்க்கு அது துரத்தப்படும் ஒருவனின் விடியல். தொகைத்தட்டிற் கேட்பவர்க்குக் காதலில் தோற்ற ஒரு கூலியாளின் விடியல். ஐந்தாவது 'டெஸ்பரேடோ'. வேலி கடந்து திரியும் ஒருவனை நோக்கி, காலம் இருக்கையிலே இறங்கி வா என்று வேறொருவர் பேசும் பாட்டு. கொள்ளைக் கூட்டத்தின் கதைக்குள் அது சாவுக்கு முன் சொல்லப்படும் அறிவுரை. கதையை நீக்கிவிட்டால் காதலிக்க அஞ்சும் எந்த இளைஞனுக்கும் எந்தத் தோழனும் சொல்வது. அகப்பாட்டின் அடியிலுள்ள கூற்றும் துறையும் உதிர்ந்துபோனால் தோழி கூற்றைத் தலைவி கூற்றாகக் கொண்டு மயங்க இடமுண்டு என்பதைச் சங்கப் பாடல் பயின்றார் அறிவர். சங்கத் தொகைகளில் அக்குறிப்பு எழுதி வைக்கப்பட்டமையால் பாட்டு தனித்து நின்றும் தன் களத்தை இழக்கவில்லை. அமெரிக்கத் தொகைத்தட்டில் அத்தகைய அடிக்குறிப்புக்கு இடமில்லை. ஹென்லியின் வருத்தம் கலைஞனின் செருக்கன்று. திணை மயங்கியதைக் கண்ட புலவனின் வருத்தம்.

எனினும், கணக்கப்பிள்ளை மட்டுமே இத்தட்டைத் தொகுத்தான் என்று தீர்ப்பளித்தல் பிழையாகும். தட்டுக்குள்ளேயே அதற்கு மாறான சான்றுகள் உள்ளன. 'டெஸ்பரேடோ' தட்டிலிருந்து சிறுதட்டாய் வந்தவை இரண்டு. 'அவுட்லா மேன்' விற்பனைப் பட்டியலில் 59ஆம் இடம் பெற்றது. 'டெகிலா சன்ரைஸ்' 64ஆம் இடத்தோடு நின்றது. எண்ணிக்கையே அளவுகோலாயின் முன்னதே தொகைக்குள் வந்திருக்க வேண்டும். வந்ததோ பின்னது. அதனினும் வியப்பு, 'டெஸ்பரேடோ' பாட்டு ஈகிள்ஸ் பாடிச் சிறுதட்டாய் வெளிவரவே இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு பாட்டு, 'மிகப் பெரிய வெற்றிகள்' என்ற பெயருள்ள தட்டில் இடம்பெற்றிருக்கிறது. 1973இல் ரான்ஸ்டாட் அதனைத் தம் தட்டில் பாடிப் பலர் செவிக்குக் கொண்டுசென்றிருந்தார் என்பது ஒரு காரணமாகலாம். காரணம் எதுவாயினும் அது விற்பனை எண் கூறிய காரணம் அன்று.

வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. குழுவின் முதல் தட்டைத் தொடங்கி வைத்த 'டேக் இட் ஈஸி' தொகைத்தட்டையும் தொடங்கி வைக்கிறது. 1975ஆம் ஆண்டுத் தட்டின் தலைப்பாட்டும் முதற்பாட்டுமான 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' இங்கே இரண்டாம் பக்கத்தின் வாயிலில் நிற்கிறது. 1974இன் 'ஆன் தி பார்டர்' தட்டை முடித்து வைத்த 'பெஸ்ட் ஆஃப் மை லவ்' இங்கும் இறுதிப்பாட்டு. 'டெஸ்பரேடோ' தன் தாய்த்தட்டில் முதற்பக்கத்தின் ஈற்றில் இருந்தது. தொகைத்தட்டிலும் முதற்பக்கத்தின் ஈற்றிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு முடித்தவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த இடைவெளி அப்பாட்டுக்குத் தேவையான மௌனம். குறுந்தட்டு வந்தபின் அம்மௌனம் சில நொடியாய்ச் சுருங்கியது வேறு கதை. வாயிற்பாட்டை வாயிலிலும் முடிவுப்பாட்டை முடிவிலும் வைத்தவர், பாடிய குழுவைச் சேராதவராயினும், செவி படைத்தவர்.

இன்னொன்று. தொகைத்தட்டு களத்தை நீக்கியது உண்மை. உடலை மீட்டுக் கொடுத்ததும் உண்மை. வானொலி அக்காலத்தில் மூன்று நிமிட அளவிலான பாட்டையே விரும்பிற்று. ஆகவே சிறுதட்டுக்கென்று பாடல்களை வெட்டுவது நிறுவனத்தாரின் கைவழக்கம். ஹென்லி, ஃப்ரே, சௌதர் மூவரும் எழுதிய 'பெஸ்ட் ஆஃப் மை லவ்' நான்கரை நிமிடத்துக்குச் சற்று மேற்பட்டது. அதனைக் குழுவின் இசைவின்றி ஒரு நிமிடத்துக்கு மேல் குறைத்தே சிறுதட்டாக்கினர். 1975 மார்ச்சில் பட்டியலின் முதலிடம் பெற்ற குழுவின் முதற்பாட்டு அதுவேயானது. விற்பனை பெருகியபின், குழுவின் மேலாளர் இர்விங் ஏசாஃப் ஒரு தங்கத்தட்டில் துண்டொன்றை வெட்டியெடுத்து, 'பொன் இரம்ப விருது' என்று பெயரிட்டு நிறுவனத்துக்கே அளித்தார் என்பர். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் 'லையிங் ஐஸ்' நான்கு நிமிடத்துக்குள் அடக்கப்பட்டது. பொய் சொல்லும் கண்களையுடைய ஒரு பெண், பணத்துக்காக மணந்த முதிய கணவன், நகரின் மறுகோடியில் காத்திருக்கும் ஒருவன் என்று சிறுகதைபோல் விரியும் அப்பாட்டில் வெட்டுவதற்கு எதுதான் மிகை? வானொலி வழியாகவே அறிந்திருந்தோர், இப்பாடல்களின் முழுவடிவை முதன்முதலாகத் தொகைத்தட்டிற்றான் கேட்டனர். தொடர்நிலையைக் குலைத்த அதே தட்டு, குறைக்கப்பட்ட முத்தகங்களை நிறைவாக்கிற்று. இரண்டையும் ஒருங்கே சொன்னால்தான் வரலாறு முழுமையுறும்.

வெளிவந்த வேளையும் கருதத்தக்கது. நாட்டுப்புற இசையின் பாஞ்சோவையும் மாண்டலினையும் குழுவுக்குள் கொண்டுவந்த லெடன், 1974இல் டான் ஃபெல்டர் சேர்ந்தபின் மின்கிதாரின் வன்மை ஓங்குவதை விரும்பவில்லை. ஒருநாள் ஃப்ரேயின் தலையில் பீரைக் கவிழ்த்தார் என்பது குழுவினரே பலமுறை கூறிய கதை. 1975 டிசம்பரில் அவர் விலகினார். ஜோ வால்ஷ் வந்தார். இரண்டு மாதம் கழித்துத் தொகைத்தட்டு வெளியாயிற்று. லெடன் தலைமைக் குரலாய் நின்று பாடிய பாட்டு ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் தொடக்கப்பாட்டில் ஓடும் பாஞ்சோ அவருடையது; 'விச்சி வுமன்' பாட்டின் ஆக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவர் இருந்த காலத்து ஒலியை எல்லை கட்டிக் காத்தது அத்தட்டே. புதிய குழு அவ்வாண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை பொறுமையாகப் பணியாற்றி டிசம்பரில் 'ஹோட்டல் கலிபோர்னியா'வைத் தந்தது. தொகைத்தட்டு சந்தையை நிரப்பியிராவிடில் அத்துணை மாதங்கள் காத்திருக்க நிறுவனம் இசைந்திருக்குமா என்பது ஐயமே. கலைஞன் வெறுத்த ஒன்று அவனுக்குக் காலத்தை வாங்கிக் கொடுத்தது.

ராண்டி மைஸ்னரின் நிலை வேறு. தொகையிலுள்ள பத்தில் அவர் தலைமைக் குரலில் ஒலிப்பது 'டேக் இட் டு தி லிமிட்' ஒன்றே. பாட்டின் முடிவில் அவர் குரல் ஏறி ஏறி எட்டும் உச்சம், கேட்போரைச் சிலிர்க்க வைப்பது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருமுறை எட்டினாற் போதும். மேடையில் ஒவ்வோர் இரவும் எட்ட வேண்டும். கூச்சமும் உடல்நலக் குறைவும் உடைய மைஸ்னருக்கு அவ்வுச்சம் ஓர் அச்சமாகவே ஆகிவிட்டது. 1977இல் டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் அப்பாட்டைப் பாட அவர் மறுக்க, ஃப்ரேயோடு கைகலப்பு நேர்ந்தது; அவ்வாண்டிலேயே அவர் குழுவை விட்டார். பாடியவனை நிழலாகத் தொடர்ந்து அச்சுறுத்தும் வன்மை ஒரு பதிவுக்கு உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. 2023இல் அவர் மறைந்தபோது உலகம் நினைவுகூர்ந்தது அவ்வொரு பாட்டைத்தான்.

விற்பனைக் கதை நீளமானது. சுருங்கச் சொன்னாற் போதும். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்கழகம் 1958 முதல் தங்கச் சான்று வழங்கி வந்தது. பத்து இலட்சம் படிகள் விற்ற நெடுந்தட்டுக்குப் பிளாட்டினச் சான்று என்பதை 1976இல் ஏற்படுத்திற்று. அச்சான்றைப் பெற்ற முதல் நெடுந்தட்டு, பிப்ரவரி 24ஆம் நாள், வெளிவந்து ஒரே கிழமையில், இத்தொகைத்தட்டாயிற்று. ஐந்து கிழமைகள் பட்டியலின் தலையில் இருந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' அதனை முந்துவதும் அது த்ரில்லரை முந்துவதுமாகப் பல்லாண்டு போட்டி நடந்தது. 2018 ஆகஸ்டில் வெளியான கணக்கில் இதற்கு 3 கோடியே 80 இலட்சம். த்ரில்லருக்கு 3 கோடியே 30 இலட்சம். 'ஹோட்டல் கலிபோர்னியா'வுக்கு 2 கோடியே 60 இலட்சம். இணையத்தில் பாடல்களை 1500 முறை கேட்டால் ஒரு தட்டு விற்றதாகக் கொள்ளும் முறை 2016இல் நடைமுறைக்கு வந்திருந்தது. தட்டையே கையில் தொடாதவரும் வாங்கியவராக எண்ணப்பட்டனர். இவ்வெண்களைப் பார்த்து வியப்பதினும், 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இத்தட்டைச் சேர்த்ததே பொருளுடையது. குழுவினர் எண்ணி எண்ணிக் கோத்த 'டெஸ்பரேடோ' தட்டு அமெரிக்கப் பட்டியலில் 41ஆம் இடத்துக்கு மேல் ஏறியதில்லை. அவர்களைக் கேளாமல் கோக்கப்பட்ட தட்டு நாட்டின் நினைவுச் செல்வமாயிற்று.

தட்டின் முகப்பைப் பற்றியும் ஒரு சொல். பாய்ட் எல்டர் என்னும் டெக்சாஸ் ஓவியர் தீட்டிய கழுகின் மண்டையோடு அதில் உள்ளது. அது மெய்யான ஓடன்று. வார்ப்பில் எடுத்த பிளாஸ்டிக் ஓடு. குழுவின் பெயர்ச்சின்னத்தை உயிரற்ற வார்ப்பாய் முகப்பில் நிறுத்தியதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். எனினும் ஹென்லியின் மனக்குறையை அறிந்தார்க்கு அப்படம் வேறு விதமாகத் தோன்றாமலிராது.

1980இல் குழு கலைந்தது. 1982இல் இரண்டாம் தொகைத்தட்டு வந்தது. 1994இல் மீண்டும் கூடினர். 2013 முதல் 2015 வரை குழுவின் வரலாற்றையே மேடையில் நிகழ்த்தும் நெடும்பயணம் ஒன்றை மேற்கொண்டனர். ஃப்ரே 2016 சனவரியில் மறைவதற்கு முன் அவர் சென்ற கடைசிப் பயணம் அதுவே. முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன் விலகிய லெடன் அழைக்கப்பட்டு, தொடக்கக் காலத்துப் பாடல்களுக்கு மீண்டும் கருவி இசைத்தார். நலம் குன்றியிருந்த மைஸ்னரால் வர இயலவில்லை. பாடல்களைக் கால முறைப்படி அடுக்கி, இடையிடையே அவை பிறந்த கதையைச் சொன்னார்கள். இம்முறை வரிசையை வகுத்தவர்கள் பாடிய கலைஞர்களே. 'டூலின்–டால்டன்' பாடினர், அடுத்து 'டெகிலா சன்ரைஸ்' பாடினர், அதனையடுத்து 'டூலின்–டால்டன்' மறுபாடலைப் பாடினர். கூலியாளின் விடியல் மறுபடியும் கொள்ளைக்காரனின் விடியலாயிற்று. 'டெஸ்பரேடோ' முழுப்பாட்டை மட்டும் அவ்விடத்தில் வைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து, அவையோர் கேட்டுக்கொள்ள மீண்டும் மேடையேறி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹென்லி அதனைத் தனியே பாடினார்.